டெர்மினலில் # போடலாமா? ஷெல் கமென்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷெல் என்பது டெர்மினலில் நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல். அதற்கு ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு) எழுதும்போது # போட்டுக் குறிப்பு எழுதுவது எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். அந்தக் குறிப்புதான் கமென்ட், ஷெல் அதை ஓட்டாமல் தாண்டிவிடும். ஸ்கிரிப்ட் இல்லாமல், டெர்மினலைத் திறந்து நேரடியாகக் கட்டளை தட்டும்போதும் கமென்ட் போடலாமா, போட்டால் என்ன ஆகும், அதனால் என்ன பயன் என்பதற்கான பதில்கள் இங்கே. கட்டளைகள், கோப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் தமிழ் ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

உடனே ஓடி முடியப்போகிற கட்டளைக்குக் கமென்ட் எதற்கு?

கட்டளை ஓடி முடிந்தாலும் அந்த வரி ஹிஸ்டரியில் (தட்டிய கட்டளைகளை ஷெல் சேர்த்து வைக்கும் பட்டியலில்) தங்கிவிடுகிறது. மூன்று மாதம் கழித்து அதே வரியைத் தேடும் ஆள் பெரும்பாலும் நீங்கள்தான். பதினைந்து ஆப்ஷன் போட்ட எஃப்எஃப்எம்பெக் (வீடியோ, ஆடியோவை மாற்றும் நிரல்) வரியில் எந்த ஆப்ஷன் எதற்கு என்று அப்போது நினைவிருக்காது. வரியின் கடைசியில் நாலு சொல் எழுதி வைத்திருந்தால் அதை வைத்தே தேடி எடுத்துவிடலாம்.

திரையைப் பகிர்ந்துகொண்டு ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதும் கமென்ட் கைகொடுக்கும். டெர்மினல் அமர்வைப் பதிவு செய்யும்போதும் அப்படித்தான்: அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை # போட்டு ஒரு வரி தட்டிவிட்டால், பிறகு பார்க்கிறவருக்குத் தனி விளக்கம் தேவைப்படாது. பாதி தட்டிய கட்டளையை ஓட்டாமல் ஒதுக்கி வைக்கவும் இது உதவும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பேஷில் இதற்கு எதையாவது ஆன் செய்ய வேண்டுமா?

வேண்டாம். லினக்ஸில் பரவலாக உள்ள ஷெல்லான பேஷில் இன்டராக்டிவ்_கமென்ட்ஸ் என்ற ஆப்ஷன் இயல்பாகவே ஆனில்தான் இருக்கும். ஷாப்ட் கட்டளைக்குப் பின்னால் அந்தப் பெயரைக் கொடுத்தால் ஆனா ஆஃபா என்று காட்டும். அதை வேண்டுமென்றே அணைத்து வைத்திருப்பவரை நான் பார்த்ததில்லை. டேஷ், கார்ன் ஷெல், ஃபிஷ் ஆகிய வேறு ஷெல்களிலும் # நேரடியாக வேலை செய்யும். சிக்கல் இருப்பது இசட் ஷெல்லிலும் சி ஷெல் குடும்பத்திலும்தான்.

என் மேக்கில் # போட்டால் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்: #" என்று வருகிறதே?

நீங்கள் இருப்பது இசட் ஷெல்லில். 2019-ல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவிலிருந்து புதிய பயனர் கணக்குகளுக்கு ஆப்பிள் இசட் ஷெல்லைத்தான் தருகிறது. அதற்கு முன் பேஷ், அதுவும் பழைய 3.2 பதிப்பு. பேஷில் பழகிய கை அப்படியே # தட்டும். இசட் ஷெல் அதைக் கமென்ட் என்று எடுத்துக்கொள்ளாமல், # என்ற பெயரில் ஒரு நிரல் இருக்கிறதா என்று தேடிவிட்டு, இல்லை என்று சொல்கிறது.

இசட் ஷெல் ஸ்கிரிப்டில் இந்தத் தொல்லை கிடையாது. கோப்புக்குள் எழுதிய # எப்போதும் கமென்ட்தான். நீங்கள் உட்கார்ந்து தட்டும் இடத்தில் மட்டும்தான் அந்த வசதி இயல்பாக அணைந்திருக்கிறது.

எப்படி ஆன் செய்வது?

இப்போது திறந்திருக்கும் ஜன்னலுக்கு மட்டும் என்றால் இதைத் தட்டினால் போதும்:

செட்ஆப்ட் இன்டராக்டிவ்_கமென்ட்ஸ்

எப்போதும் வேண்டும் என்றால் இதே வரியை ஹோம் டைரக்டரியில் உள்ள .இசட்எஸ்எச்ஆர்சி கோப்பில் சேர்த்துவிடுங்கள். ஆப்ஷன் பெயரில் நடுவே உள்ள அடிக்கோட்டையும், பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதையும் இசட் ஷெல் கண்டுகொள்ளாது. இரண்டு சொல்லையும் ஒட்டி எழுதினாலும் சரிதான்.

ஆன் ஆகிவிட்டதா என்று பார்க்க # தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஏதாவது ஒரு சொல் எழுதி என்டர் தட்டுங்கள். சத்தமில்லாமல் அடுத்த ப்ராம்ப்ட் (கட்டளைக்காகக் காத்திருக்கும் குறி) வந்தால் ஆகிவிட்டது.

ஓ மை இசட்எஸ்எச் (இசட் ஷெல்லுக்கான ஆயத்த அமைப்புத் தொகுப்பு) போட்டிருப்பவர்களுக்கு அது இந்த ஆப்ஷனைத் தானே ஆன் செய்துவிடும். அதனால்தான் பக்கத்து இருக்கைக்காரரின் மேக்கில் வேலை செய்வது உங்கள் மேக்கில் செய்வதில்லை.

வெறும் பிழைச் செய்திதானே, வந்தால் வரட்டும் என்று விட்டுவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஷெல் ஒரு வரியைக் கமென்ட் என்று ஏற்காவிட்டால், அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும், ஒவ்வொரு குறியும் கட்டளையின் பகுதியாகிவிடும். ஆப்ஷன் அணைந்திருக்கும் இசட் ஷெல்லில் இதைத் தட்டுவதாக வைத்துக்கொள்வோம்:

ஆர்எம் பழையது.டெக்ஸ்ட் # புதியது.டெக்ஸ்ட் இருக்கட்டும்

இங்கே ஆர்எம் என்ற, கோப்பை அழிக்கும் கட்டளைக்குப் போவது நான்கு பெயர்கள்: பழையது, #, புதியது, "இருக்கட்டும்" என்ற சொல். #, இருக்கட்டும் என்ற பெயர்களில் கோப்பு இல்லை என்று அது புலம்பும். ஆனால் எதைக் காப்பாற்ற நினைத்து எழுதினீர்களோ, அந்தப் புதிய கோப்பையும் சேர்த்து அழித்துவிடும்.

இன்னொன்று. கமென்ட்டில் அம்புக்குறி போடுவது நிறையப் பேருக்குப் பழக்கம்:

# லாக் -> முடிவு.டெக்ஸ்ட்

அந்த > குறி ஷெல்லுக்கு வெளியீட்டைத் திருப்பிவிடும் குறி. # என்ற நிரல் இல்லை என்ற செய்தி வருவதற்கு முன்பே முடிவு.டெக்ஸ்ட் திறக்கப்பட்டுவிடும். அந்தக் கோப்பு இல்லாவிட்டால் காலியாக ஒன்று உருவாகும். ஏற்கனவே இருந்தால், உள்ளே இருந்ததெல்லாம் போய் காலியாகிவிடும். திரையில் தெரிவது என்னவோ "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" மட்டும்தான். கோப்பு காலியானதை நீங்கள் எப்போது கவனிப்பீர்கள் என்று சொல்ல முடியாது.

அரைப்புள்ளியும் ஆபத்துதான். "# முதலில் பார்க்கவும்; ..." என்று எழுதி, அரைப்புள்ளிக்குப் பிறகு ஒரு கட்டளையை உதாரணமாகக் குறிப்பிட்டிருந்தால் அது நிஜமாகவே ஓடும்.

ஆங்கிலக் கமென்ட் என்றால் "டோன்ட்" போன்ற சொற்களில் வரும் ஒற்றை மேற்கோள் குறி தனிக் கதை. அது திறந்த மேற்கோளாகக் கொள்ளப்பட்டு, ப்ராம்ப்ட் "கோட்>" என்று மாறி, அடுத்து நீங்கள் தட்டுவதையெல்லாம் விழுங்கிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோல்-சி அடித்து வெளியே வாருங்கள்.

கேள்விக்குறி போட்டால் வேறு மாதிரி. இசட் ஷெல் அதைக் கோப்புப் பெயரைத் தேடும் குறியாக எடுத்துக்கொண்டு, பொருந்தும் கோப்பு இல்லை என்று சொல்லி முழுக் கட்டளையையும் ஓட்டாமல் நிறுத்திவிடும். இணையத்தில் இருந்து எடுத்த சரியான கட்டளை மேக்கில் மட்டும் ஓடாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: கடைசியில் இருக்கும் கமென்ட்டில் ஒரு கேள்விக்குறியோ அடைப்புக்குறியோ ஒளிந்திருக்கும்.

இவ்வளவு சிக்கல் என்றால் அதை ஏன் அணைத்தே வைத்திருக்கிறார்கள்?

பழைய சி ஷெல்லும் அதன் வழிவந்த டிசி ஷெல்லும் உள்ளீடு டெர்மினலிலிருந்து வராதபோது மட்டுமே #-ஐக் கமென்ட்டாக எடுத்துக்கொள்ளும். கோப்பிலிருந்து வந்தால் கமென்ட், கையால் தட்டினால் வெறும் எழுத்து. 1990-ல் பால் ஃபால்ஸ்டாட் எழுதிய இசட் ஷெல் சி ஷெல்லிலிருந்து எடுத்துக்கொண்டவை நிறைய. இந்த நடத்தையும் அதே மாதிரிதான் இருக்கிறது. அணைந்திருந்தால் ஒரு சின்ன லாபமும் உண்டு: # என்று தொடங்கும் சொல்லை மேற்கோள் இல்லாமல் தட்டலாம். என்னைக் கேட்டால், அந்த லாபத்துக்காக மேலே சொன்ன தொல்லைகளை ஏற்க முடியாது. ஆன் செய்துவிடுங்கள்.

டிசி ஷெல்லில் இதை ஆன் செய்யும் வசதியே இல்லை. ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்குக் காலங்காலமாக சி ஷெல்தான் இருந்தது. 2023-ல் வந்த 14-ஆம் பதிப்பில்தான் அதைச் சாதாரண எஸ்எச் ஷெல்லாக மாற்றினார்கள். பழைய ஃப்ரீபிஎஸ்டி சர்வரில் ரூட்டாக நுழைந்தால் # தட்டும் பழக்கத்தை வெளியே விட்டுவிட்டுப் போங்கள்.

வழிகாட்டியில் # என்று தொடங்கிய கட்டளையை அப்படியே ஒட்டினேன். பிழையும் இல்லை, எதுவும் நடக்கவும் இல்லை. ஏன்?

அந்த # கமென்ட் கிடையாது, ரூட் பயனரின் ப்ராம்ப்ட். லினக்ஸ் ஆவணங்களில் சாதாரணப் பயனர் ஓட்ட வேண்டியதை $ போட்டும், ரூட்டாக ஓட்ட வேண்டியதை # போட்டும் எழுதுவது பழைய வழக்கம். நீங்கள் #-உடன் சேர்த்து ஒட்டியதால் பேஷ் முழு வரியையும் கமென்ட்டாகத் தள்ளிவிட்டது. #-ஐ நீக்கிவிட்டு, முன்னால் சூடோ (ரூட்டாக ஓட்டும் கட்டளை) சேர்த்து ஓட்டுங்கள். ஆனால் அதற்கு முன் இது ரூட்டாக ஓட வேண்டிய கட்டளை என்பதை நினைவில் வைத்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

# எங்கே வந்தாலும் கமென்ட் ஆகிவிடுமா?

ஆகாது. ஒரு சொல்லின் முதல் எழுத்தாக வந்தால்தான் கமென்ட். சொல்லின் நடுவில் வந்தால் அது சாதாரண எழுத்து. இணைய முகவரியின் கடைசியில் வரும் #பகுதி, அறிக்கை#2 என்ற கோப்புப் பெயர் இதெல்லாம் தப்பிக்கும். மேற்கோளுக்குள் இருந்தாலும், முன்னால் பின்சாய்வுக்கோடு போட்டாலும் கமென்ட் ஆகாது.

இசட் ஷெல்லில் எக்ஸ்டெண்டட் குளோப் என்ற, கோப்புப் பெயர் தேடலை விரிவாக்கும் ஆப்ஷனையும் ஆன் செய்திருந்தால் மட்டும் சொல்லின் நடுவே வரும் #-க்கு வேறு அர்த்தம் வந்துவிடும். நிக்ஸ் என்ற மென்பொருள் நிறுவும் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் தொகுப்பின் பெயரை நிக்ஸ்பேக்கேஜஸ்#ஹலோ என்கிற வடிவில் தட்டும்போது "நோ மேட்சஸ் ஃபவுண்ட்" என்று வருவது அதனால்தான். மேற்கோளுக்குள் போட்டால் தீர்ந்தது.

கிட் கமிட் செய்தியில் #123 என்று எழுதினால் பிழை வருகிறதே?

கிட் (நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) கட்டளையில் மேற்கோள் இல்லாமல் எழுதியிருப்பீர்கள். செய்தியைக் கொடுக்கும் -எம் ஆப்ஷனுக்குப் பிறகு #123 வந்ததும் ஷெல் அதிலிருந்து வரியின் கடைசி வரை கழித்துவிடும். -எம்-க்கு மதிப்பே இல்லை என்று கிட் புகார் சொல்லும். படங்களைத் திருத்தும் இமேஜ்மேஜிக்கில் #எஃப்எஃப்0000 மாதிரி நிறக் குறியீட்டைக் கொடுக்கும்போதும் இதேதான். அங்கே இன்னும் மோசம், நிறத்தோடு சேர்த்து அதற்குப் பின்னால் இருந்த வெளியீட்டுக் கோப்பின் பெயரும் போய்விடும்.

மேற்கோளுக்குள் போட்டால் சரியாகும். எடிட்டரைத் திறந்து கமிட் செய்தி எழுதும்போது மட்டும் வரியை #123 என்று தொடங்காதீர்கள். அங்கே #-ல் தொடங்கும் வரிகளை நீக்குவது கிட்டின் வேலை, ஷெல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆப்ஷனைத் தொடாமல் குறிப்பு எழுத வேறு வழி உண்டா?

முக்காற்புள்ளி இருக்கிறது. : என்பது எதையும் செய்யாமல் வெற்றி என்று சொல்லித் திரும்பும் ஒரு கட்டளை. # பரவலாகும் முன்பு, 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸின் போர்ன் ஷெல் காலத்தில், கமென்ட் எழுத இதைத்தான் பயன்படுத்தினார்கள். இன்றைக்கும் பேஷ், இசட் ஷெல், டேஷ் எல்லாவற்றிலும் வேலை செய்யும்.

ஆனால் இது கமென்ட் மாதிரி நடிக்கும் கட்டளை, கமென்ட் அல்ல. பின்னால் எழுதுவதை ஷெல் முழுதாகப் படித்து விரிக்கும். $ போட்டு அடைப்புக்குறிக்குள் ஒரு கட்டளையை எழுதினால் அது ஓடும். > வந்தால் கோப்பு காலியாகும். ஒற்றை மேற்கோள் திறந்தால் மூடும்வரை காத்திருக்கும். ஆகவே எழுதுவதை முழுக்க ஒற்றை மேற்கோளுக்குள் அடைத்துவிடுங்கள்:

: 'நாளை இந்த சர்வரை மறுபடி பார்க்க வேண்டும்'

யாருடையதோ ஒரு சர்வர், எந்த ஷெல் என்று தெரியாது, அமைப்பை மாற்றவும் கூடாது என்ற நிலையில் நான் இதைத்தான் பயன்படுத்துவேன்.

ஹிஸ்டரியில் தேடுவதற்குக் கமென்ட்டை எப்படிப் பயன்படுத்துவது?

என் கணக்கில் டெர்மினல் கமென்ட்டின் முதல் பயன் இதுதான். நீண்ட கட்டளை ஒன்று ஒருவழியாகச் சரியாக ஓடிவிட்டது என்றால், மேல் அம்புக்குறியை அழுத்தி அதைத் திரும்ப எடுத்து, கடைசியில் ஒரு அடையாளச் சொல் சேர்த்து இன்னொரு முறை ஓட்டுங்கள். மறுபடி ஓட்டினால் சேதம் வரும் என்ற வகைக் கட்டளையாக இருந்தால், முன்னாலும் ஒரு # போட்டு என்டர் தட்டுங்கள். அது ஓடாது, ஹிஸ்டரியில் மட்டும் பதிவாகும்.

பிறகு எப்போது வேண்டுமோ அப்போது கன்ட்ரோல்-ஆர் அழுத்தி அந்தச் சொல்லைத் தட்டினால் முழு வரியும் வந்து நிற்கும். எஃப்இசட்எஃப் என்ற தேடல் நிரலை நிறுவியிருந்தால் இன்னும் வசதி, எழுத்துகள் விட்டுவிட்டு இருந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

அடையாளச் சொல்லைத் தேர்வு செய்வதில் கொஞ்சம் யோசனை வேண்டும். "பேக்கப்" என்று போட்டால் பேக்கப் என்ற டைரக்டரிக்குள் போன வரிகளும் வரிசையாக வரும். சாதாரணக் கட்டளைகளில் வராத ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு ஹாஷ் போடுகிறேன்:

ஆர்சிங்க் -ஏவி படங்கள்/ வெளிடிஸ்க்/ ## படபேக்கப்

இனி ## என்று தேடினால் நான் வேண்டுமென்றே குறித்து வைத்தவை மட்டும் வரும். ஹிஸ்டரியின் வெளியீட்டை க்ரெப் (சொல்லைத் தேடும் கட்டளை) வழியாக வடிகட்டும்போது மட்டும் '##' என்று மேற்கோளுக்குள் கொடுக்க மறக்காதீர்கள். மேற்கோள் இல்லாவிட்டால் அதுவே கமென்ட் ஆகி, எதைத் தேடுவது என்று தெரியாமல் க்ரெப் முழிக்கும்.

இதெல்லாம் ஹிஸ்டரி தங்கினால்தான். பேஷ் இயல்பாக வைத்துக்கொள்வது 500 வரிகள். உபுண்டுவின் .பேஷ்ஆர்சி கோப்பு அதை நினைவில் 1000, கோப்பில் 2000 என்று உயர்த்தித் தருகிறது. இசட் ஷெல் தன் போக்கில் விட்டால் நினைவில் 30 வரிதான், கோப்பில் எதுவும் சேமிக்காது. மேக்கில் ஆப்பிள் அதை 2000, 1000 என்று மாற்றி வைத்திருக்கிறது. நிறைய தட்டுகிறவருக்கு இவை எல்லாமே குறைவு. பேஷில் இந்த அளவுகளைக் குறிக்கும் ஹிஸ்ட்சைஸ், ஹிஸ்ட்ஃபைல்சைஸ் மாறிகள் இரண்டையும், இசட் ஷெல்லில் என்றால் ஹிஸ்ட்சைஸ், சேவ்ஹிஸ்ட் இரண்டையும், ஐந்து இலக்க எண்ணாகப் போட்டுவிடுங்கள். பேஷ் பொதுவாக ஷெல்லை மூடும்போதுதான் கோப்பில் எழுதும். பல ஜன்னல்கள் திறந்து வைத்து வேலை செய்வீர்கள் என்றால் ஹிஸ்ட்அப்பெண்ட் ஆப்ஷனும் தேவை. இல்லாவிட்டால் கடைசியாக மூடிய ஜன்னல் மற்றவற்றின் ஹிஸ்டரியை அழித்து எழுதிவிடும்.

#2024 என்று தொடங்கிய என் கமென்ட் ஹிஸ்டரியில் காணாமல் போனது ஏன்?

பேஷ் ஹிஸ்டரிக் கோப்பில் ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே அது ஓடிய நேரத்தைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. ஹிஸ்ட்டைம்ஃபார்மேட் என்ற மாறியை வைத்தால் அது ஆன் ஆகும். அந்த நேரம் # போட்டு, இடைவெளி இல்லாமல், எண்ணாக எழுதப்படும். கோப்பைத் திரும்பப் படிக்கும்போது #-ஐ ஒட்டி எண் வரும் வரியைப் பார்த்தால், அடுத்த கட்டளையின் நேரம் என்றே பேஷ் எடுத்துக்கொள்ளும். உங்கள் #2024 அதில் மாட்டியிருக்கும். #-க்குப் பிறகு எப்போதும் ஓர் இடைவெளி விடுங்கள்.

பாதி தட்டிய கட்டளையை ஒதுக்கி வைக்க குறுக்குவழி உண்டா?

உண்டு. நீளமாகத் தட்டிக்கொண்டிருக்கும்போது "அடடா, முதலில் டைரக்டரி மாறியிருக்க வேண்டுமே" என்று தோன்றினால், பேஷில் ஆல்ட் பிடித்துக்கொண்டு # அழுத்துங்கள். வரியின் தொடக்கத்தில் # சேர்ந்து, என்டரும் தானாக விழும். ஓடாத அந்த வரி ஹிஸ்டரியில் இருக்கும். வேண்டிய வேலையை முடித்துவிட்டு மேல் அம்புக்குறியால் எடுத்து #-ஐ நீக்கி ஓட்டலாம். ஆல்ட் வேலை செய்யாத டெர்மினலில் எஸ்கேப் தட்டிவிட்டு # தட்டினால் அதே பலன். மேக் டெர்மினலில் ஆப்ஷன் விசையை ஆல்ட் மாதிரி (மெட்டா) வேலை செய்ய வைக்கும் அமைப்பும் இருக்கிறது. எதுவும் நினைவுக்கு வராவிட்டால் கன்ட்ரோல்-ஏ (வரியின் தொடக்கத்துக்குப் போக), #, என்டர்.

ஃபிஷ்ஷிலும் ஆல்ட்-# உண்டு. அங்கே ஒருமுறை அழுத்தினால் # சேரும், கமென்ட் ஆன வரியில் அழுத்தினால் நீங்கும். இசட் ஷெல்லில் விஐ முறையில் (விஐ எடிட்டரின் விசைகளால் வரியைத் திருத்தும் முறை) இருப்பவர்களுக்கு நார்மல் நிலையில் # தட்டினால் இதே வேலை நடக்கும், கமென்ட் ஆப்ஷன் ஆனில் இருந்தால். ஆனால் இசட் ஷெல்லில் இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது: எஸ்கேப், அப்புறம் க்யூ. தட்டிய வரி மறைந்துவிடும், வேறு கட்டளை ஒன்று ஓட்டலாம், அது முடிந்ததும் பழைய வரி தானாகவே ப்ராம்ப்ட்டில் வந்து நிற்கும்.

ஆபத்தான கட்டளைகளுக்கு நான் தலைகீழாகச் செய்வேன். முதலில் # தட்டிவிட்டுத்தான் ஆர்எம் என்று ஆரம்பிப்பேன். கை தவறி என்டரில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. பாதை எல்லாம் சரி என்று பார்த்த பிறகு #-ஐ எடுப்பேன்.

பல வரிக் கட்டளையின் நடுவே கமென்ட் போட முடியுமா?

பின்சாய்வுக்கோடு போட்டு அடுத்த வரிக்குத் தொடரும் கட்டளையில் முடியாது. அந்தக் கோடுதான் வரியின் கடைசி எழுத்தாக இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் இடைவெளி விட்டு # எழுதினால் கோடு அந்த இடைவெளியைத்தான் காக்கும், கட்டளை அந்த வரியோடு முடிந்துவிடும். கமென்ட்டின் கடைசியில் பின்சாய்வுக்கோடு போட்டாலும் கமென்ட் அடுத்த வரிக்குத் தொடராது.

பைப் என்றால் நிம்மதி. குழாய்க்குறி வரியின் கடைசியில் வந்தால் ஷெல் அடுத்த வரிக்காகத் தானாகவே காத்திருக்கும். அதனால் அதன் பின்னால் கமென்ட் எழுதலாம்:

கேட் லாக்.டெக்ஸ்ட் |  # முழுப் பதிவு
க்ரெப் எரர் |  # பிழை வரிகள் மட்டும்
சார்ட் | யூனிக் -சி  # எது எத்தனை முறை

இரண்டு ஆம்பர்சண்டுக்குப் பின்னாலும் இப்படிச் செய்யலாம். ஆப்ஷன்களுக்கு நடுவே பேக்டிக் குறிகளுக்குள் # எழுதி ஒளித்து வைக்கும் தந்திரம் ஒன்றும் பேஷில் உண்டு. வேலை செய்யும். ஆனால் படிக்கிறவர் பாவம். அந்த அளவுக்கு விளக்கம் தேவைப்படும் கட்டளையை ஒரு ஸ்கிரிப்டில் எழுதி வைப்பதே மேல்.

கமென்ட்டுகளோடு கூடிய பல வரிகளை மொத்தமாக ஒட்டலாமா?

பேஷில் ஒட்டலாம். 2020-ல் வந்த 5.1 பதிப்பிலிருந்து, ஒட்டப்பட்டது உடனே ஓடாமல் நீங்கள் என்டர் தட்டும்வரை காத்திருக்கும். இசட் ஷெல் 2015-ல் வந்த 5.1-லிருந்தே இந்த வசதி வைத்திருக்கிறது. அந்த இடைவேளையில் கண்ணை ஓட்டிப் பாருங்கள். இசட் ஷெல்லில் கமென்ட் ஆப்ஷன் ஆனில் இருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் கமென்ட்டில் இருக்கும் ஒரே ஒரு ஒற்றை மேற்கோள், அடுத்த மேற்கோள் வரும்வரை நடுவில் உள்ள கட்டளைகளை எல்லாம் விழுங்கிவிடும். மிச்சம் உள்ளவை மட்டும் ஓடும், பாதி ஓடிய நிலையில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கமென்ட்டில் ஆச்சரியக்குறி போடலாமா?

பேஷில் போடலாம். ! வழக்கமாகப் பழைய கட்டளையை இழுத்து வரும் குறி என்றாலும், சொல்லின் தொடக்கத்தில் # வந்த பிறகு அந்த வரியில் அது செயல்படாது.

கமென்ட்டைத் தமிழில் எழுதலாமா?

தாராளமாக. டெர்மினலும் லொகேலும் (கணினியின் மொழி அமைப்பு) யூடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் இருந்தால் ஷெல்லுக்கு எந்த மொழியும் ஒன்றுதான், கன்ட்ரோல்-ஆர் தேடலும் தமிழில் நடக்கும். நடைமுறையில் இரண்டு சிரமங்கள். உயிர்மெய்க் குறிகள் எத்தனை இடம் பிடிக்கும் என்பதில் ஷெல்லின் கணக்கும் டெர்மினலின் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் கர்சர் ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கும். தட்டி முடிக்கும்வரை தெரியாது, நடுவில் திருத்தப் போனால் தெரியும். இசட் ஷெல்லில் கம்பைனிங்_கேர்ஸ் என்ற ஆப்ஷனை ஆன் செய்தால் சில டெர்மினல்களில் நிலைமை மேம்படும். இரண்டாவது, தேடும்போதெல்லாம் கீபோர்டு மொழியை மாற்ற வேண்டியிருக்கும். விளக்கத்தைத் தமிழிலும், தேடும் அடையாளச் சொல்லை மட்டும் ஆங்கில எழுத்திலும் வைத்துக்கொள்வது வசதி.

கமென்ட்டில் எழுதுவதை வேறு யாராவது பார்க்க முடியுமா?

ஷெல் கமென்ட் என்று ஏற்ற பகுதி ஓடும் நிரலுக்குப் போகாது. ஆகவே ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் தெரியாது. ஆனால் ஹிஸ்டரிக் கோப்பில் பூட்டில்லாத வெறும் எழுத்தாக இருக்கும். கடவுச்சொல்லை அங்கே குறித்து வைக்காதீர்கள். ஏதோ ஒரு வரி ஹிஸ்டரிக்கே போகக் கூடாது என்றால், பேஷில் ஹிஸ்ட்கன்ட்ரோல் மாறியில் இக்னோர்ஸ்பேஸ் என்று வைத்துக்கொண்டு, அந்த வரியை ஓர் இடைவெளியோடு தொடங்குங்கள். இசட் ஷெல்லில் அதற்கு ஹிஸ்ட்_இக்னோர்_ஸ்பேஸ்.

எஸ்எஸ்எச் வழியாக வேறு கணினிக்குள் போனால் என் அமைப்பு கூடவே வருமா?

வராது. அங்கே எந்த ஷெல், அதில் எந்த ஆப்ஷன் என்பது அந்தக் கணினியின் பாடு. உங்கள் .இசட்எஸ்எச்ஆர்சி உங்கள் பயனருக்கு மட்டும் என்பதால், அதே கணினியில் வேறு பயனராக மாறினாலும் அப்படித்தான். புதிய இடத்தில் நுழைந்ததும் # போட்டு ஒரு சொல் தட்டிப் பார்ப்பது நல்லது.

விண்டோஸில்?

பவர்ஷெல்லில் # வேலை செய்யும். பல வரிக்கு <# என்று திறந்து #> என்று மூடலாம். அங்கே ஒரு சுவாரசியமும் உண்டு: # தட்டி, ஒட்டியபடியே ஒரு சொல்லும் தட்டி டேப் அழுத்தினால், ஹிஸ்டரியில் அந்தச் சொல் உள்ள கட்டளையை எடுத்துத் தரும். பழைய கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்கு # தெரியாது. அங்கே ரெம் என்று தொடங்க வேண்டும். கட்டளைக்குப் பின்னால் எழுத & போட்டு ரெம் எழுதலாம். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லில் உள்ளது அசல் லினக்ஸ் ஷெல், மேலே சொன்னவை அனைத்தும் அங்கே பொருந்தும்.

எஸ்க்யூஎல், பைத்தான் ப்ராம்ப்ட்களில்?

பைத்தானில் # சரி. போஸ்ட்கிரெஸ்ஸின் பிஎஸ்க்யூஎல்லில் இரட்டைக் கோடு (--). மைஎஸ்க்யூஎல்லில் # செல்லும், இரட்டைக் கோடும் செல்லும், ஆனால் கோட்டுக்குப் பிறகு ஓர் இடைவெளி கட்டாயம். ரீட்லைன் (தட்டும் வரியைத் திருத்த உதவும், பேஷும் பயன்படுத்தும் நூலகம்) பயன்படுத்தும் நிரல்களில் ஆல்ட்-# குறுக்குவழி இங்கேயும் வேலை செய்யும், ஆனால் அது எல்லா இடத்திலும் #-ஐத்தான் போடும். .இன்புட்ஆர்சி கோப்பில் பிஎஸ்க்யூஎல்லுக்கு மட்டும் கமென்ட்-பிகின் மதிப்பை இரட்டைக் கோடாக மாற்றி வைக்கலாம்.

ஆப்ஷனை ஆன் செய்த பிறகு, நான் தட்டும் கமென்ட் திரையில் தெரியவே இல்லையே?

தட்டும் கட்டளைக்கு நிறம் தரும் இசட்எஸ்எச்-சின்டாக்ஸ்-ஹைலைட்டிங் ப்ளகின் போட்டிருப்பீர்கள். அது கமென்ட்டுக்குக் கொடுக்கும் நிறம் தடித்த கறுப்பு. பின்னணி கறுப்பாக இருக்கும் சில நிறத் தொகுப்புகளில் எழுத்து பின்னணியோடு கலந்துவிடும். அந்த ப்ளகினின் ஸ்டைல்ஸ் பட்டியலில் கமென்ட் என்ற உருப்படிக்குப் பச்சை, மஞ்சள் என்று வேறு ஏதாவது நிறம் கொடுங்கள். ப்ளகினை ஏற்றும் வரிக்குக் கீழே அதை எழுத வேண்டும்.